காட்சி யாருடைய கூற்று? – ‘வாழை’யை முன்வைத்து

(மேடவாக்கத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



இலக்கியச் சொற்பொழிவுக்கென ஏற்பட்ட மேடையில் ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். தாராளமாகப் பேசுங்கள் என்றார்கள் அறக்கட்டளையினர். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. சங்க இலக்கியத்தை ஒரு கையிலும் சினிமாவை மறு கையிலும் வைத்துக்கொண்டுதான் இன்று பேசப்போகிறேன். பக்கத்துப் பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வெள்ளிக்கிழமை தோறும் புதுப்படத்துக்குக் கூட்டம் கூடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. அன்று இரண்டு தமிழ்ப் படங்கள் ஒன்றாகத் திரைக்கு வந்தன. ஒன்று மாரி செல்வராஜின் ‘வாழை’. மற்றொன்று பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. அந்த ஆண்டு பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, பின்னணி இசை இல்லாமலே நம் திரையரங்குக்கு வந்த படம் ‘கொட்டுக்காளி’. இதைத் திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்று திரைத்துறைக்குள்ளிருந்தே குரல் எழுந்தது. ‘வாழை’க்குக் கூட்டம் வந்தது, கண்ணீரும் வந்தது, கூடவே சண்டையும் வந்தது. ஒரு சிறுவன் வளரும் கதை. ஆற்றுப்பாசனப் பசுமை நிறைந்த படம். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். என் மாணவர்களும் அப்படித்தான் பிரிந்தார்கள்.

அந்தப் பிரிவினை ஏன் ஏற்படுகிறது, அதை எப்படிப் பயனுள்ளதாக்குவது என்பதே இன்றைய பொருள். நான் சொல்லவந்தது இது ஒன்றுதான்: ஒரு பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்லும் படத்தில் நிலம் அழகாக இருக்கிறதா, அழகு துயரத்தை மறைக்கிறதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஒவ்வொரு காட்சியும் யாருடைய கூற்று என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நம் முன்னோர் அதைப் பாட்டுக்குப் பாட்டு கேட்டு எழுதிவைத்திருக்கிறார்கள்.

1. சண்டை எதைப் பற்றியது?

‘வாழை’யைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரைச் சிற்றூர். காலம் தொண்ணூறுகளின் கடைசி. சிவனணைந்தான் நன்றாகப் படிக்கும் பையன். அப்பா இல்லை. அம்மா வாங்கிய முன்பணத்துக்காக அக்காவோடு சேர்ந்து விடுமுறை நாளிலெல்லாம் வாழைத்தார் சுமக்கப் போகவேண்டும். பள்ளிக்கூடம் போகும் ஐந்து நாளும் அவனுக்குச் சொர்க்கம். அங்கே பூங்கொடி டீச்சர் இருக்கிறார். தார் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூலி உயர்த்தக் கேட்டுப் போராடி ஊர்க்காரர்கள் வெல்கிறார்கள். கூடுதலாகக் கொடுக்கவேண்டிய கூலியை ஈடுகட்ட, ஆட்களுக்குத் தனி வண்டி வைக்காமல் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரவைத்து அனுப்புகிறார்கள். லாரி கவிழ்கிறது. அன்றைக்கு நடன ஒத்திகைக்காகப் பள்ளிக்கூடம் போன பையன் பிழைக்கிறான். இயக்குநரின் ஊர்ப்பக்கம் உண்மையில் நடந்த விபத்தைத் தழுவிய கதை இது.

இதில் மூன்று இடத்தில் கருத்து பிளந்தது. முதலாவது, அழகு. இவ்வளவு கொடுமையான உழைப்பை இவ்வளவு கண்ணுக்கினியதாகப் படம்பிடிக்கலாமா? தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவைப் புகழ்ந்தவர்களும் உண்டு. அந்தப் பசுமையே உறுத்துகிறது என்றவர்களும் உண்டு. இரண்டாவது, டீச்சர் மேல் பையனுக்கு இருக்கும் ஈர்ப்பு. பாசமா, மோகமா, இதைக் கொண்டாடலாமா என்று பெற்றோர்களும் ஆசிரியர்களும் கேட்டார்கள். மூன்றாவது, இறுதிக்காட்சி. அது நெஞ்சை அறுக்கிறது என்றார்கள் சிலர். நெஞ்சை அறுப்பதற்கென்றே நீட்டியிருக்கிறார்கள் என்றார்கள் வேறு சிலர்.

இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வாழைத்தார் சுமக்கும் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தன் சிறுகதையில் முன்பே எழுதியிருப்பதாக எழுத்தாளர் சோ. தர்மன் சொன்னார். ஒரே நிகழ்ச்சி யாருக்குச் சொந்தம் என்ற விவாதமாக அது வளர்ந்தது. நான் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அகத்திணை படித்தவனுக்கு ஒன்று தெரியும்: தலைவன் பிரிந்துபோகிறான் என்ற ஒரே நிகழ்ச்சிக்குத் தலைவி பேசிய பாட்டு உண்டு, தோழி பேசிய பாட்டு உண்டு, தலைவனே பேசிய பாட்டும் உண்டு. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையற்றுப்போனதில்லை.

2. நிலம் பேசாது, நிலத்தில் நிற்பவர் பேசுவார்

குறுந்தொகையைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டோடும் ஒரு சிறுகுறிப்பு இருக்கும். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று. அதைத் தாண்டிக்கொண்டு பாட்டுக்குள் போய்விடுகிறோம். கொஞ்சம் அங்கேயே நில்லுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அகப்பாட்டில் கவிஞர் தம் குரலில் மலையை வருணிப்பதில்லை. அருவியோ, புன்னையோ, குருகோ எது வந்தாலும் அதைக் கண்டு சொல்கிற ஒருவர் பாட்டுக்குள் நிற்கிறார். ஒரே கடற்கரை, காத்திருப்பவளுக்கு ஒன்றாகவும் தேரில் வந்து திரும்புகிறவனுக்கு வேறாகவும் இருக்கிறது. அழகு என்பது அங்கே நிலத்தின் குணம் மட்டுமல்ல. பேசுகிறவரின் நிலைமையும் அதில் கலந்திருக்கிறது.

அந்தக் கூற்றுக் குறிப்புகள் பாட்டோடு பிறந்தவை அல்ல. பின்னால் வந்தவர்கள் படித்து, யோசித்து, சேர்த்தவை. சில பாடல்களை இன்னார் கூற்றாகவும் கொள்ளலாம், வேறொருவர் கூற்றாகவும் கொள்ளலாம் என்று உரைகாரர்கள் மாறுபடுகிறார்கள். அதாவது, நம் இலக்கிய விமரிசனத்தின் பழைய வேலைகளில் ஒன்று, யார் பேசுகிறார் என்று கண்டுபிடித்து எழுதுவது. கருத்து வேறுபாடு அந்த வேலையின் உள்ளேயே இருந்தது. யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். களவிலும் கற்பிலும் பேசுவதற்குரியவர்கள் யார் யார் என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. பாணன் உண்டு, விறலி உண்டு, கண்டோர் உண்டு. சிறுவன் இல்லை. அகப்பாட்டில் புதல்வன் வருவான், நடைவண்டி உருட்டுவான், தாய் அவனைத் தூக்குவாள். ஆனால் அவன் பேசமாட்டான். பிள்ளையின் கண்ணால் நிலத்தைப் பார்ப்பது தமிழுக்குப் பிற்காலத்தில் வந்த வேலை. அதைச் செய்யும்போது நாம் தடுமாறுவது இயல்பு.

விதிவிலக்குப்போல ஒரு பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. 112-ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது. தந்தையை இழந்த இரண்டு இளம்பெண்கள், ஒரு மாதத்துக்கு முந்தைய நிலாவையும் இன்றைய நிலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். மலை அதே மலை. நிலா அதே நிலா. அழகில் ஒரு குறையும் வரவில்லை; அந்தக் குறையாத அழகே இழப்பின் அளவைச் சொல்கிறது. அழகான காட்சி துயரத்தை மறைக்கும் என்பவர்களுக்கு நம் மரபு அன்றே சொன்ன பதில் இது. ஆனால் அந்தப் பதில் செல்லுபடியாவது, பேசுகிறவர்கள் அந்த மலையை இழந்தவர்கள் என்பதால்.

3. ‘பதேர் பாஞ்சாலி’யில் ஒரு குளம்

இந்த விவாதம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. 1955-இல் வந்த சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை 1956-இல் கான் திரைப்பட விழா சிறந்த மானுட ஆவணம் என்று பாராட்டியது. கால் நூற்றாண்டு கழித்து, 1980-இல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், ராய் இந்திய வறுமையை வெளிநாட்டுக்கு எடுத்துக்காட்டிப் பேர் வாங்குகிறார் என்ற பொருளில் குற்றம்சாட்டினார். எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் அந்தப் படத்தின் கவித்துவத்தைச் சொன்னார்கள். ஒருவருக்கு வறுமை அதிகம், மற்றவருக்கு அழகு அதிகம். இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள்.

நாணல் பூத்த வெளியில் அப்புவும் துர்க்காவும் ரயிலைப் பார்க்க ஓடுவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் கடைசியில் வரும் ஒரு சிறிய காட்சியைச் சொல்கிறேன். துர்க்கா இறந்துவிட்டாள். குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்ப மூட்டை கட்டுகிறது. அப்பு எதையோ எடுக்கப் போனவன் அங்கே ஒரு மணிமாலையைக் காண்கிறான். அக்கா திருடினாள் என்று முன்பு பழி சுமத்தப்பட்டு, அவள் இல்லவே இல்லை என்று மறுத்த மாலை. அவன் அதை எடுத்துப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகுகிறது, நீர் தெரிகிறது, பாசி மறுபடி மெல்ல மூடிக்கொள்கிறது.

அந்தக் குளம் படம் நெடுக அழகாக இருந்த குளம். அதுவரை அது ஊரின் காட்சி. இந்த ஒரு ஷாட்டில் அது அப்புவின் கூற்றாகிறது. அக்காவுக்காகக் காப்பாற்ற வேண்டிய ஒரு ரகசியம் தனக்கு இருக்கிறது என்று அவன் தெரிந்துகொண்ட நிமிஷம் அது. பிள்ளை வளர்ந்துவிட்டான். அந்தப் பாசியை வெறும் எழில் என்று சொல்கிறவரும், வறுமையின் சின்னம் என்று சொல்கிறவரும் பையனை விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் பார்த்தவர்கள்.

4. பெரியவன் சொல்லும் பால்யம்

‘வாழை’யின் டீச்சர் விவாதத்துக்கு வருவோம். அதற்கு ஒரு மூத்த உறவு இருக்கிறது. 1979-இல் வந்த பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’. அவர் தமிழில் இயக்கிய முதல் படம். மூன்று பையன்கள், ஊர், நீர்நிலை, புதிதாக வந்த இந்துமதி டீச்சராக ஷோபா. அமெரிக்கப் படமான ‘சம்மர் ஆஃப் 42’-இன் சாயல் அதில் உண்டு என்பது தெரிந்த விஷயம்.

அந்தப் படத்தில் கதையைத் தொடங்கிவைப்பவர் பெரியவனாகிவிட்ட ஒருவர். கமல்ஹாசன் ஏற்ற சிறு வேடம் அது. டீச்சரின் மரணச் செய்தி கொண்டுவந்த கடிதத்திலிருந்து நினைவு கிளம்புகிறது. எனவே நாம் காணும் வெயிலும் நிழலும் அன்றைய பையனுடையவை மட்டுமல்ல. இழந்ததைத் திரும்பிப்பார்க்கும் பெரியவனுடையவை. அன்று பையனுக்குப் புரியாததைப் பெரியவன் இப்போது புரிந்துகொண்டு சொல்கிறான். ஈர்ப்பின் கூர்மை ஏக்கமாகத் தணிந்துவிடுகிறது. பார்க்கிற நாமும் பெரியவனோடு அவன் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

‘வாழை’யில் அந்தத் திண்ணை கிடையாது. பூங்கொடி டீச்சரின் கைக்குட்டையைப் பையன் எடுத்து வைத்துக்கொள்ளும்போது, அவன் உள்ளே என்ன நடக்கிறதென்று விளக்க வளர்ந்தவன் ஒருவன் படத்துக்குள் இல்லை. கைக்குட்டை அவன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். நாம் பெரியவர்கள், நமக்குத் தெரிந்ததை அவன்மேல் ஏற்றிப் பார்க்கிறோம், சங்கடப்படுகிறோம். அவனுடைய கூற்றில் அது வேறு. வாரத்தில் இரண்டு நாள் கழுத்து நோக மண்ணை மிதித்து நடக்கும் பிள்ளைக்கு, தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அந்தத் துணி சாட்சி.

கேள்வி எழுப்பிய பெற்றோர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பிள்ளையைக் காக்கவேண்டும் என்ற அக்கறையில் எழுந்த கேள்வி அது. ஆனால் டீச்சரின் புடவையை, நடையைக் காட்டும் ஷாட்களில் சில பையன் நிற்கும் இடத்திலிருந்து வருகின்றன, சில நம் சினிமாவுக்குப் பழகிப்போன கதாநாயகி அறிமுகத்தின் இடத்திலிருந்து வருகின்றன. முதல் வகையை நான் ஏற்கிறேன். இரண்டாவது வகையில் பெற்றோர் பக்கம் நிற்கிறேன். மொத்தப் படத்தையும் ஆகும், ஆகாது என்று சொல்வதைவிட இப்படிப் பிரித்துப் பேசுவதே நேர்மை.

5. தகப்பனைவிட அதிகம் தெரிந்த மகன்

வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’லை இங்கே கொண்டுவருவது அவசியம். 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்று, அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படம். 2023 அக்டோபரில் ஓடிடியில்தான் நம் மக்கள் அதைப் பார்க்க முடிந்தது. ஒன்றேகால் மணி நேரப் படம். மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலம். குடிகாரத் தகப்பன், கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவர மகன் வேலுவைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பி நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை என்று சலித்தவர்கள் பலர். எல்லாம் நடந்துவிட்டது என்று மெய்மறந்தவர்கள் பலர்.

அந்த வெயிலை அழகு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனாலும் படத்தில் ஒவ்வொரு காட்சியும் கண்ணை விட்டு அகலாதது. காரணம், நிலத்தை அளப்பவன் வேலு. தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். உடைந்த கண்ணாடித் துண்டில் சூரியனைப் பிடித்து முன்னால் போகும் தகப்பன் முதுகில் பாய்ச்சுகிறான். அந்த ஒரு செயலில் நிலமும் பொழுதும் பையனின் மொழியாகிவிடுகின்றன. தகப்பனிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை வெயிலிடம் சொல்லி அனுப்புகிறான். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை வைக்கும்போது, அங்கே அதுபோல் பல கற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இந்த நடை அவனுக்குப் புதிதல்ல என்று அப்போது நமக்குத் தெரிகிறது. அவனுக்கு முன்பே தெரியும்.

பிள்ளைக்குத் தெரிந்ததும் பார்ப்பவருக்குத் தெரிந்ததும் எவ்வளவு இடைவெளியில் நிற்கின்றன என்பதில்தான் இந்த வகைப் படங்களின் உயிர் இருக்கிறது. ‘அழியாத கோலங்கள்’ அந்த இடைவெளியை நினைவால் நிரப்பியது. ‘கூழாங்கல்’ நம்மைப் பையனுக்குப் பின்னால் நடக்கவைத்தது.

6. ‘வாழை’யில் கூற்று மாறும் இடம்

இனி என் தீர்ப்பைச் சொல்கிறேன்.

வாழைத்தோட்டத்தின் பசுமை உறுத்துகிறது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. உறுத்தத்தான் வேண்டும். ஸ்ரீவைகுண்டம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தாமிரபரணிப் பாசனத்தில் அந்தப் பச்சை அப்படித்தான் இருக்கிறது. அதை மங்கலாக்கிக் காட்டினால்தான் பொய். சேற்றில் கால் புதைய, தலையில் சும்மாடும் அதன்மேல் தாரும் ஏறி, வரப்புவழியாக லாரி நிற்கும் இடம்வரை நடக்கும் பிள்ளைக்கு நிலம் அழகாக இருப்பது ஆறுதல் அல்ல. அவ்வளவு விளைகிற மண்ணில் தனக்கென்று ஒரு சீப்புப் பழம்கூட இல்லை என்பதை அந்தப் பச்சைதான் சொல்கிறது. கேமரா சுமப்பவர்களின் தோளுயரத்தில் இருக்கும்வரை அது அவர்கள் கூற்று. அந்த உயரத்தை விட்டு எழும்பினால் அது பயணியின் கூற்றாகிவிடும். படத்தின் பெரும்பகுதி தோளுயரத்தில் இருக்கிறது.

விபத்து நாள். பையன் சாப்பிடாமல் போனவன். பசி தாங்காமல் வழியில் தோட்டத்தில் ஒரு பழம் பறிக்கிறான், அதற்காக அடிவாங்குகிறான். தினமும் தார் தாராகச் சுமந்தவன் ஒரு பழத்துக்கு அடிவாங்குகிறான். தப்பி ஓடி வீட்டுக்கு வருகிறான். ஊரே ஓலமிடுகிறது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பசி. சட்டியைத் திறந்து சோற்றை அள்ளித் தின்கிறான். அக்கா செத்துக்கிடக்கும்போது சோறு தின்கிறாயா என்று அம்மா அடிக்கிறாள். மரணம் தெரிந்த அம்மாவும் பசி தெரிந்த பிள்ளையும் ஒரே வீட்டுக்குள் இரண்டு உலகமாக நிற்கிறார்கள். தமிழ் சினிமாவில் பிள்ளைப்பருவம் முடிவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இடங்கள் மிகச் சில. அந்தச் சட்டி முன்னால் உட்கார்ந்த நிமிஷம்வரை படம் பையனின் கூற்று. இதற்காக ‘வாழை’யை நான் முழுமனத்தோடு போற்றுகிறேன்.

அதன்பின் ஒப்பாரி எழுகிறது. பாட்டு எழுகிறது. கூற்று பையனிடமிருந்து ஊருக்கு மாறுகிறது. ஊரிலிருந்து, அந்தத் துயரத்தைப் பல்லாண்டு நெஞ்சில் சுமந்த இயக்குநருக்கு மாறுகிறது. ஒப்பாரி நம் மக்களின் உரிமை. அதை நீளம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சோற்றுச்சட்டி எதைச் சொல்லிமுடித்ததோ அதையே பாட்டும் சொல்கிறது. நீட்டியிருக்கிறார்கள் என்று குறைபட்டவர்களுக்கு உணர்ச்சி இல்லை என்று நினைக்காதீர்கள். அவர்கள் அதுவரை பையனோடு நடந்தவர்கள். திடீரென்று பையனைக் காணோமே என்று தேடியவர்கள். அழுதவர்கள் ஊரோடு நின்றவர்கள். இரு சாராரும் கூற்று மாறிய இடத்தைச் சரியாக உணர்ந்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் வைக்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

7. நாம் செய்யவேண்டியது

முதலில், ஆசிரியர்களுக்கு. வகுப்பில் படம் காட்டினால் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, குறுந்தொகைக்கு எழுதியதுபோல் அதற்கு ஒரு வரி கூற்றுக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். பையன் கூற்றா, அம்மா கூற்றா, கண்டோர் கூற்றா? ஒரே காட்சிக்கு மூன்று மாணவர் மூன்று விதமாக எழுதினால் விவாதம் அங்கே தொடங்கும். சண்டைக்குப் பதில் படிப்பு நடக்கும்.

அடுத்து, பார்வையாளர்களுக்கு. மேடவாக்கத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்று குடியிருப்பவர்களில் ஏராளமானோர் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். சின்ன வயதில் தலையில் சுமை ஏற்றியவர்களும், அந்தச் சுமையை வண்டியிலிருந்து பார்த்தவர்களும் ஒரே அடுக்ககத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். ஒரே படத்துக்கு இரண்டு கருத்து வராமல் எப்படி இருக்கும்? எதிர்க்கருத்து சொல்பவரிடம், நீங்கள் அந்தக் காட்சியில் யாரோடு நின்று பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அவர் வாழ்க்கையில் பாதி அந்தப் பதிலில் வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் போகும்போது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தெரிகிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நிலம். நீர்ப்பறவைகளைப் படமெடுக்க வருபவர்களுக்கு அது எழில். மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வருமா என்று பார்ப்பவர்களுக்கு அது கவலை. பெருங்குடிக் குப்பைமேட்டின் புகையைச் சுவாசித்தவர்களுக்கு அது வேறு. பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில், நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களில் யாராவது ஒரு பெண்ணோ பையனோ ஒருநாள் கேமராவை எடுப்பார்கள். இந்தச் சதுப்புநிலத்தைத் தங்கள் கூற்றாகச் சொல்வார்கள். அந்தப் படம் வரும்போது, அழகாக எடுத்து வறுமையை விற்கிறார்கள் என்று ஒரு கட்சியும், ஆகா என்ன ஒளிப்பதிவு என்று ஒரு கட்சியும் கிளம்பினால் நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். முதலில் யார் பேசுகிறார் என்று கேட்போம். அந்தக் கேள்வியோடு அரங்கில் உட்காரும் பார்வையாளர்களை இப்போதே, இந்த ஊரிலேயே, நம் வகுப்பறைகளிலேயே உருவாக்கவேண்டும். இந்த அறக்கட்டளை அதற்கு ஒரு தொடக்கமாக இருக்கட்டும் என்று கேட்டு அமர்கிறேன்.